உங்கள் பேட்டிங்கை உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் எல்லாரும் அதைச் சுற்றியே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது மாதம் கரண்ட் பில், ரயில் டிக்கெட், பழைய சினிமாப் பாட்டு என்று அதன் வேலை சுருங்கிவிடும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. ரிட்டயர் ஆன கையோடு கம்ப்யூட்டர் வாங்கிய அப்பா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு பணம் போட்டு வாங்கியிருக்கோம். இதுல வேற என்னடா பண்ணலாம்?" என்று கேட்டார்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் கிடைத்தது கிரிக்கெட்டில். உங்கள் வீட்டில் பேட் பிடிக்கிறவர் யாராவது இருந்தால், பள்ளிக்கூடப் பையனோ பெண்ணோ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாடும் அண்ணனோ, அவருக்கு உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நல்ல பயிற்சியாளராக இருக்க முடியும். தேவையான சாப்ட்வேர் எல்லாம் இலவசம்தான்.

என் பிரச்னை

பேட்டிங்கில் எனக்கு ஒரே வியாதி. உள்ளே வரும் பந்து காலில் படும். அம்பயர் விரலைத் தூக்குவார். ஆபீஸ் டீமில் கடைசியாக ஆடிய 11 ஆட்டங்களில் 7 முறை எல்பிடபிள்யூ அல்லது போல்டு. மூன்றாவதாக இறங்கிக் கொண்டிருந்தவனை ஒன்பதாவதாகத் தள்ளிவிட்டார்கள். சின்ன வயதில் போன பயிற்சி முகாமிலும் சரி, வீட்டிலும் சரி, எனக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "பந்தைப் பாருடா!"

நான் பந்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அவுட் ஆனேன். 28 வயதாகிறது, இனி பேட்டை எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்று நினைத்த சமயத்தில்தான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நம் ஊருக்கும் பங்குள்ள வேலை

ஆட்டத்தைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலைக்கு வீடியோ அனாலிசிஸ் என்று பெயர். இந்திய அணியில் இது வேரூன்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 2003 உலகக் கோப்பையில் இந்திய அணியுடன் லேப்டாப்போடு சென்றவர் சென்னையைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன். அவர் சென்னையில் தொடங்கிய நிறுவனம் ஸ்போர்ட்ஸ் மெக்கானிக்ஸ். 2011-ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் அனலிஸ்டாக இருந்த தனஞ்செயும் அங்கிருந்து வந்தவர்தான்.

ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சி செய்வதற்கும் சேப்பாக்கத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1998 மார்ச்சில் ஆஸ்திரேலியா இங்கே டெஸ்ட் ஆட வந்தது. ஷேன் வார்ன் ரவுண்ட் தி விக்கெட் வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே கரடுமுரடான இடத்தில் பந்தைக் குத்தித் திருப்புவார் என்று சச்சின் டெண்டுல்கர் எதிர்பார்த்தார். அதனால் அதே இடத்தில் பிட்ச்சைக் கீறிவிட்டு, நம் ஊர் லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணனைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி செய்தார். முதல் இன்னிங்ஸில் வார்ன் பந்தில் 4 ரன்னில் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155! இந்தியா 179 ரன் வித்தியாசத்தில் வென்றது.

தி.நகருக்குப் பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த ஆர். அஸ்வின், ஐ.டி. படித்த இன்ஜினியர். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக அதே சேப்பாக்கத்தில் 106 ரன் எடுத்தார். சுழலும் பிட்ச்சில் அன்று அவருக்குக் கைகொடுத்த ஷாட்களில் ஸ்வீப் முக்கியமானது. ஆட்டம் முடிந்ததும் பேட்டிங் பயிற்சியாளர் விக்ரம் ராத்தோருக்கு நன்றி சொன்னார். டெஸ்ட் ஆடும் வீரரே முப்பது வயதுக்கு மேல் ஒரு ஷாட்டைத் திருத்திக்கொள்ளும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

என்னென்ன தேவை?

1. கேமரா உள்ள செல்போன். ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் நல்லது.
2. போனை ஆடாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்டு. இல்லாவிட்டால் இரண்டு செங்கல்லும் ஒரு ஸ்டூலும் போதும்.
3. போனைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் கேபிள்.
4. விஎல்சி மீடியா பிளேயர், கினோவியா ஆகிய இரண்டு சாப்ட்வேர்கள். இரண்டுமே இலவசம். அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே டவுன்லோட் செய்திடுங்கள். வேறு தளங்களில் கிடைப்பவற்றோடு வேண்டாத புரோகிராம்களும் சேர்ந்து வரலாம். கினோவியா விண்டோஸில் இயங்கும்.

எப்படிப் படம் பிடிப்பது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீடியோ என்பது வரிசையாக அடுக்கப்பட்ட போட்டோக்கள். ஒவ்வொரு போட்டோவையும் பிரேம் என்பார்கள். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 பிரேம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் சுமார் 33 மீட்டர் போகும். அதாவது ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் பந்து ஒரு மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். பந்து பேட்டில் படும் கணம் படத்தில் சிக்காமலேயே போகலாம். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேம் எடுத்தால் இந்த இடைவெளி 14 சென்டிமீட்டராகக் குறையும். டென்னிஸ் பந்தை மணிக்கு 60 கிலோமீட்டரில் எறிந்தால் 7 சென்டிமீட்டர்தான்.

இரண்டு கிரீஸ்களுக்கும் இடையே உள்ள தூரம் 17.68 மீட்டர். 120 கிலோமீட்டர் வேகப் பந்து இதைக் கடக்க அரை நொடி போதும். அந்த அரை நொடியில் நம் தலை, கால், கை என்ன செய்கின்றன என்பது நமக்கே தெரியாது. வீடியோ தேவைப்படுவது இதற்காகத்தான்.

போனை இரண்டு இடங்களில் வைத்து எடுங்கள். முதலாவது, கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில், பாயின்ட் பீல்டர் நிற்கும் பக்கம். கால் எவ்வளவு தூரம் முன்னே வருகிறது, பந்தை உடலுக்குப் பக்கத்தில் அடிக்கிறோமா எட்டி அடிக்கிறோமா என்பது இதில் தெரியும். இரண்டாவது, பவுலருக்குப் பின்னால் ஸ்டம்புகளுக்கு நேராக. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, பேட் நேராக இறங்குகிறதா என்பது இதில் தெரியும். போன் இடுப்பு உயரத்தில், படுக்கை வசமாக இருக்கட்டும். நெட்டுக்கு வெளியே வையுங்கள். பந்து பட்டால் போன் செலவு தனி! ஸ்லோ மோஷனுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். காலை நேரம் சிறந்தது. மாலையில் எடுத்தால் படம் இருண்டுபோகும்.

தி.நகர் சோமசுந்தரம் மைதானம் போன்ற இடங்களில் ஒரே சமயத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். அடுத்தவர் பந்து நம் கேமராவுக்குள் ஓடும். அங்கே எடுப்பதை விட, அடையாறு போன்ற இடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் நெட்டில் எடுப்பது வசதி. மொட்டை மாடியும் போதும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவது

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். பைல் சுருக்கப்பட்டு, பந்து ஒரு மங்கலான கோடாக மாறிவிடும். கேபிளில் போனை இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து போனைக் கிளிக் செய்தால், டிசிஐஎம் என்ற போல்டருக்குள் வீடியோக்கள் இருக்கும். அவற்றைக் காப்பி செய்து, தேதியிட்ட ஒரு புதிய போல்டரில் பேஸ்ட் செய்திடுங்கள். பைல் பெயரிலேயே "பக்கம்", "நேர்" என்று எழுதிவிட்டால் பின்னால் தேட வேண்டியதில்லை. ஒரு நிமிட வீடியோ 100 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால், பார்த்து முடித்தவற்றை அழித்துவிடுங்கள்.

விஎல்சியில் பார்ப்பது

சில புதிய போன்களின் வீடியோவை விண்டோஸில் உள்ள பிளேயர் திறக்க மறுக்கும். விஎல்சி திறந்துவிடும். வீடியோ ஓடும்போது ஆங்கில "இ" எழுத்து கீயை அழுத்துங்கள். படம் நின்றுவிடும். மீண்டும் அழுத்த அழுத்த ஒவ்வொரு பிரேமாக நகரும். பின்னால் போக வேண்டுமானால் ஷிப்ட் கீயுடன் இடது அம்புக் கீயை அழுத்துங்கள். சில நொடிகள் பின்னே செல்லும். ஷிப்ட் கீயுடன் ஆங்கில "எஸ்" அழுத்தினால் திரையில் உள்ள காட்சி போட்டோவாக சேவ் ஆகும். பலருக்கு இதுவே போதுமானது.

கினோவியாவில் அளப்பது

கினோவியாவில் படத்தின் மேலேயே கோடு போடலாம், கோணம் அளக்கலாம். நான் அதிகம் பயன்படுத்துபவை மூன்று.

1. கோடு: பவுலர் கையிலிருந்து பந்து விடுபடும் பிரேமில் நிறுத்தி, ஆப் ஸ்டம்ப் வழியாக ஒரு நேர்க்கோடு வரையுங்கள். பந்து பேட்டில் படும் பிரேம் வரை நகர்த்தி, தலை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

2. இரட்டைத் திரை: வியூ மெனுவில் டூ பிளேபேக் ஸ்கிரீன்ஸ் என்பதைக் கிளிக் செய்தால் இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். போன மாத டிரைவும் இந்த மாத டிரைவும் ஒன்றாக ஓடும்படி செய்யலாம்.

3. கண்ணாடி: இமேஜ் மெனுவில் மிரர் என்ற வசதி படத்தை இடவலமாகத் திருப்பும். நீங்கள் இடது கை பேட்ஸ்மேன் என்றால் வலது கை ஆட்டக்காரருடன் ஒப்பிட இது உதவும்.

எதைப் பார்ப்பது?

முதலில் தலை. பந்து விடுபடும்போது தலை அசையாமல், இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்டீவ் ஸ்மித் கிரீஸில் குறுக்கே நகர்ந்து வந்துதான் ஆடுவார். பிராட்மேன் பேட் தூக்கிய விதமும் புத்தகத்தில் உள்ளபடி இல்லை. எனவே "இவர் மாதிரி நிற்கவில்லையே" என்று கவலைப்படாதீர்கள். பந்து வரும் நேரத்தில் தலை நிலையாக இருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்து, ஷாட்டுக்கு ஷாட் ஒரே ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். பிரன்ட் புட் டிரைவில் தலை முன்காலின் முட்டிக்கு மேலே வருகிறதா, முன்கை முழங்கை உயர்ந்து பேட் நேராக இறங்குகிறதா? கட் ஷாட்டில் பந்துக்கும் உடம்புக்கும் நடுவே கை நீட்ட இடம் இருக்கிறதா? புல் ஷாட்டில் பின்கால் சீக்கிரம் உள்ளே நகர்கிறதா? ஸ்வீப்பில் முன்கால் பந்து விழும் இடத்துக்கு அருகே போகிறதா?

அப்பா கண்டுபிடித்தது

என் வீடியோவை நான் மூன்று நாள் பார்த்தேன். பேட்டையும் காலையும்தான் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. நாலாவது நாள் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இ" கீயை எப்படி அழுத்துவது என்று மட்டும் காட்டிக்கொடுத்தேன். அரை மணி நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"டேய், இங்க வா. உன் கண்ணு ரெண்டும் ஒரே மட்டத்துலயா இருக்கு?"

இல்லை. பந்து விடுபடும்போது நேராக இருந்த தலை, பந்து வந்து சேர்வதற்குள் ஆப் சைடு பக்கம் சாய்ந்துவிட்டது. கினோவியாவில் கோடு போட்டுப் பார்த்தால், தலை ஆப் ஸ்டம்புக்கு ஒரு தலை அளவு வெளியே நின்றது. தலை சாய்ந்தால் முன்காலும் அதோடு குறுக்கே வந்து விழும். பேட் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் பந்து பேடில் பட்டுவிடும். "பந்தைப் பாரு" என்று ஆயிரம் முறை சொன்னாலும், சாய்ந்த கண்ணால் பார்த்தால் பந்தின் கோடு தவறாகத்தானே தெரியும்?

அப்பா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது மொட்டை மாடியில வந்த பழக்கம்டா" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எட்டு வயதிலிருந்து அப்பா தினமும் எனக்கு மொட்டை மாடியில் பந்து எறிவார். ஆப் சைடில் தண்ணீர்த் தொட்டி; எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். லெக் சைடில் குட்டைக் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் பக்கத்து வீடு. லெக் சைடில் அடித்தால் அவுட் என்று ஒரு ரூல். அதனால் எந்தப் பந்தையும் ஆப் சைடுக்குத் திருப்ப உடம்பே சாய்ந்துகொண்டது. "அந்த ரூலைப் போட்டது நான்தானே" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அந்த ரூல் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி பந்தைத் திருப்பித் தந்திருக்க மாட்டார், நான் கிரிக்கெட்டே கற்றிருக்க மாட்டேன் என்று நான் பதில் சொன்னேன்.

திருத்தியது எப்படி?

அப்பாவுக்குத் தோள்பட்டை வலி. கையை மேலே தூக்கி எறிய முடியாது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழ்க்கையாக எறிய முடியும். ஞாயிறு காலைகளில் மீண்டும் மொட்டை மாடிக்குப் போனோம். இப்போது ரூல் தலைகீழ்: லெக் ஸ்டம்ப் மீது வரும் பந்தைத் தரையோடு லெக் சைடில் மட்டும் அடிக்க வேண்டும். என் முன்கால் குறுக்கே போகாமல் இருக்க ஒரு பழைய செருப்பை ஆப் ஸ்டம்புக்கு நேரே முன்னால் வைத்தோம். செருப்பை மிதித்தால் அந்தப் பந்து கணக்கில் இல்லை. வார நாட்களில் பழைய சாக்ஸில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, நேரான பேட்டில் 10 நிமிடம் தட்டினேன்.

ஒவ்வொரு வாரமும் 60 பந்துகள். முடிவை லிப்ரே ஆபீஸ் கால்க் பைலில் எழுதினோம். எக்செலிலும் செய்யலாம். தேதி, பந்து, ஷாட், முடிவு என்று நான்கு காலம்கள் போதும். முடிவில் "நடு பேட்", "விளிம்பு", "கால்", "போல்டு" ஆகியவற்றில் ஒன்றை எழுதுங்கள். டேட்டா மெனுவில் ஆட்டோ பில்டர் போட்டு "கால்" என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், எத்தனை வரிசைகள் என்று கீழே தெரியும். முதல் வாரம் 60-க்கு 17 முறை பந்து காலில் பட்டது. இரண்டாவது வாரம் 19, மனம் விட்டுப்போனது. ஆறாவது வாரம் 6. அந்தப் பைலை எழுதுவது முழுக்க அப்பாவின் வேலை. காப்பி, பேஸ்ட், பில்டர் எல்லாம் அவர் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கவனிக்க வேண்டியவை

ஒரு சமயத்தில் ஒரு குறையை மட்டும் திருத்துங்கள். வீடியோ பார்த்தால் பத்துக் குறை தெரியும். பத்தையும் நினைத்துக்கொண்டு கிரீஸில் நின்றால் பந்தே தெரியாது. ஆராய்ச்சி எல்லாம் பயிற்சியோடு சரி. பயிற்சியாளரிடம் போகும் பிள்ளைகள் வீடியோவை அவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்வதைச் செய்யட்டும். மைதானத்தில் மற்றவர்களின் பிள்ளைகள் படத்தில் விழுந்தால் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சென்ற மாதம் ஆபீஸ் ஆட்டத்தில் ஆறாவதாக இறங்கினேன். 23 ரன். மிட் ஆனில் கேட்ச் கொடுத்து அவுட். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீடியோ எடுத்தியா?" என்பதுதான். எடுத்திருந்தேன். கேபிளை அவரே எடுத்து மாட்டினார்.

உங்கள் வீட்டிலும் இந்த ஞாயிறு முயன்று பாருங்களேன்!